ஐ.எல்.எஸ். முள் நடுவில் நின்றால் நம்பலாமா?

ஒரு தரையிறக்கத்தின்போது, விமானத்துக்கு ஓடுபாதை வரை ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐ.எல்.எஸ். தவறான வழியைக் காட்டிவிட்டு, அது தவறு என்பதையும் தெரிவிக்காமல் இருந்துவிட எவ்வளவு வாய்ப்பு? மிக உயர்ந்த தரத்தில் உள்ள நிலையத்துக்கு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் அனெக்ஸ் 10 என்ற தரநிலை ஆவணம் அனுமதிக்கும் அளவு 0.5 × 10⁻⁹. அதாவது இருநூறு கோடித் தரையிறக்கத்துக்கு ஒரு முறை. மனிதன் கட்டிய எந்திரங்களில் இவ்வளவு கறாரான கணக்குக்கு உட்பட்டவை அதிகம் இல்லை.

ஆனாலும் ஐ.எல்.எஸ்ஸை நம்பி வந்த விமானங்கள் ஓடுபாதைக்கு மைல்கணக்கில் முன்னாலேயே தரையை நோக்கி இறங்கியிருக்கின்றன. ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் போயிருக்கின்றன. மூக்கைத் தூக்கிக்கொண்டு வேகம் இழந்திருக்கின்றன. இவற்றின் அறிக்கைகளைப் படித்தால் ஒன்று புலப்படும். டிரான்ஸ்மிட்டர் பெட்டி தானாகப் பொய் சொன்னது என்பது அரிதிலும் அரிது. அந்தக் கணக்கு பெட்டிக்கும், அதைக் கண்காணித்துத் தவறினால் அணைக்கும் மானிட்டருக்கும் போடப்பட்ட கணக்கு. பிழை நுழைந்ததெல்லாம் அந்தக் கணக்கில் வராத இடங்கள் வழியாக: பெட்டியின் முன்னால் கிடக்கும் மண், எதிரே நிற்கும் இன்னொரு விமானம், யாரோ திருப்பி வைத்துவிட்டு மறந்த ஒரு சுவிட்ச்.

முதலில் விமானியின் முன்னால் உள்ள முள் எதைப் பார்த்து அசைகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.எல்.எஸ். என்பது இரண்டு தனித்தனி ரேடியோ நிலையங்கள். இடம் வலம் காட்டும் லோக்கலைசர், ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால், பெரும்பாலும் 300 மீட்டர் தள்ளி, வரிசையாக நிற்கும் ஆன்டெனாக்களிலிருந்து 108.10 முதல் 111.95 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களில் ஒன்றில் ஒலிபரப்பும். மேல் கீழ் காட்டும் கிளைட் ஸ்லோப், தரைதொடும் பகுதிக்குப் பக்கத்தில், நடுக்கோட்டிலிருந்து சுமார் 120 மீட்டர் ஒதுங்கி நிற்கும் ஒரு கம்பத்திலிருந்து 329.15 முதல் 335 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வேலை செய்யும். இரண்டும் ஜோடி ஜோடியாகப் பிணைக்கப்பட்டவை. விமானி 110.3 என்று லோக்கலைசரை வைத்தால் கிளைட் ஸ்லோப் ரிசீவர் தானாக 335.0க்குப் போய்விடும்.

இரண்டு நிலையங்களும் செய்யும் வேலை ஒன்றுதான். ஒரே அலையின் மீது 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகளை ஏற்றி அனுப்புகின்றன. ஓடுபாதையை நோக்கி வரும் விமானிக்கு இடப்பக்கத்தில் 90 ஓங்கும், வலப்பக்கத்தில் 150 ஓங்கும். கிளைட் ஸ்லோப்பில் மேலே 90, கீழே 150. விமானத்தில் உள்ள ரிசீவர் இரண்டு தொனிகளும் அலைமீது ஏறியுள்ள ஆழங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை, டி.டி.எம். என்ற அளவை, மட்டும்தான் பார்க்கிறது. வித்தியாசம் சுழியம் என்றால் முள் நடுவில். லோக்கலைசரில் 0.155, கிளைட் ஸ்லோப்பில் 0.175 என்றால் முள் ஓரத்தில். லோக்கலைசரின் அகலத்தை, ஓடுபாதை வாசலில், அதாவது ஓடுபாதை தொடங்கும் இடத்தில், ஓரத்துக்கு ஓரம் 210 மீட்டர் வருமாறு அமைப்பார்கள். ஆக, வாசலில் நடுக்கோட்டிலிருந்து 105 மீட்டர் விலகினால் முள் முழுதாக ஒதுங்கும்.

இந்த வித்தியாசம் காற்றில் எப்படி உருவாகிறது என்பதில்தான் ஆபத்தின் வேர் இருக்கிறது. ஒவ்வொரு நிலையமும் இரண்டு விதமான சக்தியை அனுப்புகிறது. ஒன்று, கேரியர் என்ற தாங்கு அலையும் அதன்மேல் சம அளவில் இரண்டு தொனிகளும், இதை சி.எஸ்.பி. என்பார்கள். மற்றது கேரியர் இல்லாமல் தொனிகளை மட்டும் சுமக்கும் வெறும் பக்கப்பட்டைகள், இது எஸ்.பி.ஓ. இந்த இரண்டாவது, நடுக்கோட்டில் சுழியமாகவும் இரு பக்கங்களில் எதிரெதிர் அலைக்கட்டத்திலும் (ஃபேஸ்) பரவும். அது முதலாவதோடு கலக்கும்போதுதான் ஒரு பக்கம் 90 கூடி மறுபக்கம் 150 கூடுகிறது.

இப்போது எஸ்.பி.ஓ. மட்டும் நின்றுபோனால்? காற்றில் எஞ்சுவது சம அளவில் இரண்டு தொனிகள். எங்கே பறந்தாலும் வித்தியாசம் சுழியம். முள் நடுவில். தராசில் சரக்கே வைக்காமல் இரண்டு தட்டிலும் ஒரே எடைக்கல்லை வைத்த மாதிரி: தராசு சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் எதையும் நிறுக்கவில்லை. கருவியில் பழுதைக் காட்டும் சிவப்புக் கொடியும் வராது. ஏனென்றால் கேரியர் இல்லை, தொனி இல்லை, தொனியின் மொத்த ஆழம் குறைந்துவிட்டது என்றால்தான் ரிசீவர் கொடி காட்டும். இங்கே எல்லாமே இருக்கின்றன.

இது கரும்பலகைக் கணக்கு மட்டும் அல்ல. 2000 ஜூலை 29 அன்று இரவு, ஏர் நியூசிலாந்தின் 60ஆம் எண் விமானம், ஒரு போயிங் 767, சமோவாவின் ஃபலெயோலோ விமான நிலையத்தை நெருங்கியது. கிளைட் ஸ்லோப் முள் நடுவில் நின்றது, கொடி இல்லை, லோக்கலைசரின் அடையாள ஒலி சரியாகக் கேட்டது. விமானமோ ஓடுபாதைக்கு ஐந்து மைலுக்கும் மேல் இருக்கும்போதே 400 அடிக்கும் கீழே வந்துவிட்டது. அந்தத் தூரத்தில் இருக்கவேண்டிய உயரம் ஏறத்தாழ 1,800 அடி. தூரமும் உயரமும் பொருந்தவில்லை என்பதையும், விளக்குகள் இருக்கக்கூடாத இடத்தில் தெரிவதையும் உணர்ந்த விமானிகள் மேலே ஏறித் தப்பினார்கள். தரையில் நடந்தது இதுதான்: பராமரிப்பு வேலைக்குப் பிறகு கிளைட் ஸ்லோப் பைபாஸ் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. அந்த நிலையில் மானிட்டர் தவறைக் கண்டாலும் நிலையத்தை அணைக்காது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு நிலைமையைச் சொல்லும் கேபிளோ கட்டுமான வேலையில் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. இரண்டு பாதுகாப்பு அரண்களும் ஒரே நேரத்தில் இல்லை.

இந்தச் சம்பவத்தில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. மோர்ஸில் கேட்கும் அந்த 1,020 ஹெர்ட்ஸ் அடையாள ஒலி லோக்கலைசரில் மட்டும்தான் உண்டு. கிளைட் ஸ்லோப்புக்கு என்று தனி அடையாளம் கிடையாது. 'ஐடென்ட் கேட்டுவிட்டோம், ஐ.எல்.எஸ். சரி' என்று சொல்வது பாதி உண்மை.

மானிட்டருக்கு வருவோம். என் பார்வையில் ஐ.எல்.எஸ்ஸின் நம்பகத்தன்மை என்பது ஏறக்குறைய முழுவதும் மானிட்டரின் நம்பகத்தன்மைதான். டிரான்ஸ்மிட்டர் பழுதாவது பிரச்சினை அல்ல. பழுதானபின் எத்தனை வினாடி காற்றில் இருக்கிறது என்பதே பிரச்சினை. லோக்கலைசரின் கோடு ஓடுபாதை வாசலில் எவ்வளவு நகர்ந்தால் அலாரம் என்பதற்கு வரம்பு உண்டு (எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு குறைந்த பார்வையில் இறங்கலாம் என்பதைப் பொறுத்து ஐ.எல்.எஸ். மூன்று வகை): முதல் வகை நிலையத்துக்கு 10.5 மீட்டர், இரண்டாம் வகைக்கு 7.5, மூன்றாம் வகைக்கு 6. வரம்பு மீறிய சமிக்ஞை காற்றில் இருக்கக்கூடிய நேரம் முறையே 10, 5, 2 வினாடி. கிளைட் ஸ்லோப்புக்கு முதல் வகையில் 6 வினாடி, மற்றவற்றில் 2. 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் வரும் விமானம் ஒரு வினாடியில் 72 மீட்டர் போகும். பத்து வினாடியில் 720 மீட்டர். மூடுபனிக்குள் ஓடுபாதைமேல் உருண்டுகொண்டிருக்கும் விமானத்துக்கு அந்தப் பத்து வினாடி தாங்காது என்பதால்தான் மூன்றாம் வகைக்கு இரண்டு.

கிளைட் ஸ்லோப்பின் கோணத்துக்கு உள்ள வரம்பு ஒருபக்கச் சாய்வானது. மூன்று பாகைப் பாதை கீழ்நோக்கி 7.5 சதவீதம், அதாவது 2.775 பாகை வரை நகரலாம். மேல்நோக்கி 10 சதவீதம், 3.3 பாகை வரை. கீழே போவதுதான் கொல்லும் என்பதால் கீழே கறார். 2.775 பாகையில் நான்கு கடல் மைல் தூரத்தில் விமானம் ஏறத்தாழ 95 அடி தாழ்வாக வரும். வரம்புக்குள் இருக்கும்போதே இவ்வளவு.

கோடு நகர்வதை மட்டுமல்ல, அகலத்தையும் மானிட்டர் பார்க்கும். சமோவாவில் நடந்ததுபோல் எஸ்.பி.ஓ. இல்லாமல் போனால் கோட்டைப் பார்க்கும் மானிட்டர் 'சுழியம், நன்று' என்றுதான் சொல்லும். நடுவிலிருந்து ஒதுங்கிய ஒரு புள்ளியில் வித்தியாசத்தை அளக்கும் அகல மானிட்டர்தான் கூவும். எனவே பராமரிப்பின்போது 'கோடு மானிட்டர் சரி' என்பதோடு நிறுத்துபவர், இருப்பதிலேயே மோசமான பழுதைப் பிடிக்கும் கண்ணைச் சோதிக்காமல் விடுகிறார்.

தரநிலைகளில் வரும் எண்களையும் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். இவை இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள். பொய் சொல்லாமல் இருப்பது ஒன்று. பாதியில் நின்றுவிடாமல் இருப்பது மற்றொன்று. அனெக்ஸ் 10 நம்பகத்தன்மைக்கு வகுத்த நிலைகளில் (இவை மேலே சொன்ன வகைகள் அல்ல) இரண்டாம் நிலைக்குக் கேட்பது, எந்த 15 வினாடியிலும் நின்றுபோகும் வாய்ப்பு 4 × 10⁻⁶க்கு மேல் போகக்கூடாது. மாயமாகத் தோன்றும் இந்த எண் வந்த வழி எளியது. சராசரியாக ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கும் நிலையம் என்றால் 15 வினாடியை ஆயிரம் மணி நேரத்தால் வகுத்தால் கிடைப்பது அதுதான். மூன்றாம் நிலைக்கு 2,000 மணி நேரம். எனவே 2 × 10⁻⁶. நான்காம் நிலையில் லோக்கலைசருக்கு 4,000 மணி நேரம் கேட்கிறார்கள். ஆனால் பார்க்கும் இடைவெளி 30 வினாடி, ஏனென்றால் தரைதொட்ட பிறகும் நடுக்கோட்டில் உருள லோக்கலைசர் வேண்டும். கிளைட் ஸ்லோப்புக்கு அந்தத் தேவை இல்லை; அது 2,000 மணி நேரத்தோடும் 15 வினாடியோடும் நிற்கிறது.

இந்த இரண்டு குணங்களும் ஒன்றோடொன்று இழுபறியில் இருப்பவை. மானிட்டரின் வரம்பை இறுக்கினால் பொய் குறையும். ஆனால் சும்மா சும்மா நிலையம் அணையும். தளர்த்தினால் நிலையம் நிற்காது; ஆனால் எதை ஒலிபரப்புகிறது என்பதற்கு உத்தரவாதம் குறையும். அடிக்கடி அணைகிறது என்ற புகார் வந்தவுடன் அலாரம் வரம்பையோ தாமதத்தையோ சற்றுக் கூட்டிவிடலாம் என்ற சபலம் பராமரிப்பவருக்கு வருவது இயல்பு. அதைச் செய்யுமுன் அலாரம் எந்த நேரத்தில் வந்தது, அப்போது ஓடுபாதையில் என்ன இருந்தது, மழை பெய்ததா, எந்த அளவு நகர்ந்தது என்று பதிவேட்டில் பார்ப்பவர் பெரும்பாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்: நீர் புகுந்த கோஆக்சியல் இணைப்பு, எலி கடித்த கேபிள், ஆன்டெனாவில் பறவைக் கூடு, இடி விழுந்ததால் அரைகுறையாகப் போன ஒரு சர்ஜ் தடுப்பான்.

மானிட்டரும் பழுதாகும். அதன் பழுது வெளியே தெரியாது என்பதுதான் தொல்லை. ஒரு மானிட்டர் ஒரு லட்சம் மணி நேரத்துக்கு ஒருமுறை கண்மூடிப் போகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை சோதித்தால், ஏதாவது ஒரு கணத்தில் அது குருடாக இருக்கும் வாய்ப்பு சுமார் 0.36 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறைதான் சோதிப்பேன் என்றால் 4.4 சதவீதம். பன்னிரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் நிலையத்தில் இருப்பது இரண்டு மானிட்டர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் குருடாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 150 மடங்கு கூடுகிறது. சோதனையைத் தள்ளிப்போட்டதால் அன்றைக்கு எதுவும் கெடுவதில்லை, எந்த விளக்கும் எரிவதில்லை. காகிதத்தில் இருநூறு கோடிக்கு ஒன்று என்று எழுதியிருப்பது மட்டும் பொய்யாகிவிடுகிறது.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வகைக்கு 10 வினாடிக்குள் மாற்று மின்சாரம் வந்தால் போதும். இரண்டு, மூன்றாம் வகைகளில் லோக்கலைசருக்கும் கிளைட் ஸ்லோப்புக்கும் இடைவெளியே கூடாது. எனவே பேட்டரி எப்போதும் இணைப்பிலேயே மிதந்துகொண்டிருக்கும். பேட்டரியின் வோல்டேஜை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், சார்ஜரை நிறுத்திச் சுமையோடு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி மானிட்டர் பார்க்கவே முடியாதது. வழக்கமான கிளைட் ஸ்லோப் கம்பம் தனியாக ஒலிபரப்புவதில்லை. அதன் முன்னால் உள்ள நிலமும் ஆன்டெனாவின் பாதி. நேராகப் போகும் அலையும் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துதான் மூன்று பாகைக் கோட்டை வரைகின்றன. 333 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 90 சென்டிமீட்டர். எளிமையான நல்-ரெஃபரன்ஸ் வகையில் மேல் ஆன்டெனாவின் உயரம், அலைநீளத்தில் பாதியைக் கோணத்தின் சைனால் வகுத்தால் வருவது: ஏறத்தாழ 8.6 மீட்டர். கீழ் ஆன்டெனா அதில் பாதி. இப்போது முன்னால் உள்ள தரையில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால், அலையைப் பிரதிபலிக்கும் கண்ணாடி அவ்வளவு உயர்ந்துவிட்டது. ஆன்டெனாவின் உயரம் 8.3 ஆகக் குறைந்துவிட்டது. கோணம் 3.11 பாகை. குளிர்நாடுகளில் பனி குவிந்தாலும் இதே கணக்கு. வரம்பு மீறவில்லை என்றாலும் தண்ணீர் சீராக நிற்பதில்லை. அங்கங்கே குட்டையாக நின்றால் கோடு வளைந்து வளைந்து வரும். அதோடு, உயர்ந்து வளர்ந்து நனைந்த புல், நிலத்தில் தோண்டிய கேபிள் பள்ளம், வேலை முடிந்தும் அள்ளாத மண்மேடு எல்லாம் சேரும்.

பெட்டியின் உள்மானிட்டர் ஆன்டெனாவிலிருந்தே சமிக்ஞையைத் தொட்டுப் பார்ப்பதால் இது எதுவும் அதற்குத் தெரியாது. அருகே நட்டிருக்கும் சிறு மானிட்டர் ஆன்டெனா ஓரளவு பார்க்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி இருப்பதை அதுவும் பார்க்காது. உண்மையில் விமானி பார்ப்பதைப் பார்க்க விமானத்தில்தான் போக வேண்டும். ஐகாவோவின் 8071 ஆவணம் ஐ.எல்.எஸ்ஸுக்குச் சொல்லும் பறந்து சோதிக்கும் இடைவெளி 180 நாள். கோடு எவ்வளவு நெளியலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது: முள்ளின் முழு ஓட்டம் 150 மைக்ரோஆம்பியர் என்றால், முதல் வகை லோக்கலைசரின் நெளிவு வாசலிலிருந்து 1,050 மீட்டர் தூரத்தில் 15 மைக்ரோஆம்பியருக்குள், இரண்டாம், மூன்றாம் வகையில் 5க்குள். அந்த 180 நாளுக்கு நடுவில் ஒரு பருவமழை வந்து போகும், ஒரு கிரேன் எழும், ஒரு ஹேங்கர் கட்டி முடிக்கப்படும். எனவே கிளைட் ஸ்லோப்பின் முன்னால் உள்ள நிலத்தைத் தோட்டக்காரர் வேலை என்று விட்டுவிடும் நிலையம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

லோக்கலைசரின் பகைவன் பெரும்பாலும் இன்னொரு விமானம். பெரிய விமானத்தின் வால் ஒரு உலோகச் சுவர். ஓடுபாதையின் முனையில் அது திரும்பும்போது அலையைப் பிரதிபலித்துக் கோட்டை வளைக்கும். அதைவிட மோசம், புறப்படும் விமானம் லோக்கலைசர் ஆன்டெனாவுக்கு மேலே பறக்கும்போது நடப்பது. 2011 நவம்பர் 3 அன்று மியூனிக்கில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 327ஆம் எண் போயிங் 777 தானியங்கித் தரையிறக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் தாமதமாகக் கிளம்பிய ஒரு ஏவ்ரோ ஆர்.ஜே.85 ஆன்டெனாவைக் கடந்தது. கோடு சற்று வளைந்தது. தானியங்கி அந்த வளைவை விசுவாசமாகப் பின்தொடர்ந்தது. விமானம் இடப்பக்கம் விலகிப் புல்லுக்குள் போய், மீண்டும் ஓடுபாதையைக் குறுக்காகக் கடந்து வலப்பக்கப் புல்லில் நின்றது. அதிர்ஷ்டவசமாக யாருக்கும் காயமில்லை.

இங்கே ஒரு கருவியும் பழுதில்லை. மூடுபனி நடைமுறை அமலில் இருக்கும்போது மட்டுமே லோக்கலைசரைச் சுற்றியுள்ள உணர்திறன் பகுதியைக் கட்டுப்பாட்டாளர் காலியாக வைத்திருப்பார். மற்ற நேரங்களில் விமானங்கள் நெருக்கமாகப் போகும், வரும். வானிலை ஓரளவு நன்றாக இருக்கும் நாளில் பயிற்சிக்காகவோ வசதிக்காகவோ தானியங்கியில் இறங்கும் விமானிகள் அந்தப் பாதுகாப்பு இல்லாத கோட்டில் இறங்குகிறார்கள். கோபுரத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னாலும் பகுதி காலியாக இருக்கும் என்ற உத்தரவாதம் கிடைக்காவிட்டால் கை கட்டுப்பாட்டின் மேலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, போலிப் பாதைகள். இது பழுதே அல்ல, கிளைட் ஸ்லோப்பின் பிறவிக் குணம். தரைப் பிரதிபலிப்பால் வரைந்த கோடு மூன்று பாகையில் மட்டும் தோன்றுவதில்லை. அதன் மடங்குகளிலும் தோன்றும். ஒன்பது பாகை அருகே இன்னொரு 'நடு' உண்டு. அதை ஒட்டிச் சமிக்ஞை தலைகீழாகும் பட்டையும் உண்டு: அங்கே நீங்கள் மேலே இருந்தாலும் முள் 'மேலே போ' என்று காட்டும். 2013 மே 31 அன்று ஐந்தோவனில் ரயன்ஏரின் ஒரு போயிங் 737 பாதைக்கு வெகு மேலே இருந்தபடி ஓடுபாதையை நெருங்கியது. தானியங்கி போலிக் கோட்டைப் பிடித்தது. மூக்கு வேகமாக எழும்பியது. வேகம் சரிந்து, இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கப்போவதைச் சொல்லும் ஸ்டால் எச்சரிக்கை அதிர்ந்தது. விமானிகள் மீட்டுச் சுற்றிவந்தார்கள். நெதர்லாந்துப் பாதுகாப்பு வாரியம் இதற்கெனத் தனி ஆய்வே நடத்தியது.

மேலிருந்து கிளைட் ஸ்லோப்பைப் பிடிக்காதே என்ற பழைய விதியின் பின்னால் இருப்பது இந்த இயற்பியல்தான். மூன்று பாகைப் பாதை ஒரு கடல் மைலுக்கு 318 அடி இறங்கும். வாசலில் 50 அடி சேர்த்தால், பத்து மைலில் ஏறத்தாழ 3,230 அடி, நான்கு மைலில் 1,320 அடி. பத்து மைலில் ஒன்பதாயிரம் அடிக்கு மேல் இருக்கும்போது முள் நடுவை நோக்கி நகர ஆரம்பித்தால் அது உங்கள் பாதை அல்ல.

எஃப்.எம். வானொலி இடையூறைப் பற்றி ஒரு வரி. 108 மெகாஹெர்ட்ஸில் எஃப்.எம். முடிந்தவுடன் லோக்கலைசர் தொடங்குகிறது. 106.4, 102.3 ஆகிய இரண்டு பலமான நிலையங்கள் ரிசீவருக்குள் கலந்தால், முதலாவதின் இருமடங்கில் இரண்டாவதைக் கழித்த 110.5இல் ஒரு பேய் அலை உருவாகும்; 110.5 ஒரு லோக்கலைசர் அலைவெண். 1998 முதல் ரிசீவர்களுக்கு எஃப்.எம். தாங்குதிறன் கட்டாயம் என்பதால் இது இப்போது பெரிய தலைவலி அல்ல.

ஒரு தவறான எண்ணத்தையும் ஒதுக்கிவிடலாம். போகியன்று பழைய பொருள்களை எரிக்கும் புகையும் தை மாதத்தை ஒட்டிய மூடுபனியும் சேர்ந்து, 2018இல் நடந்ததுபோல், சென்னைக்கு வரும் விமானங்கள் திருப்பி விடப்படும்போது 'ஐ.எல்.எஸ். வேலை செய்யவில்லையா' என்று கேட்பவர்கள் உண்டு. ரேடியோ அலைக்குப் புகையும் மூடுபனியும் ஒரு பொருட்டே அல்ல. முதல் வகை அணுகுமுறையில் 200 அடி உயரத்துக்கு வந்ததும் விமானி கண்ணால் விளக்குகளைப் பார்த்தாக வேண்டும். ஓடுபாதையில் 550 மீட்டராவது பார்வை எட்ட வேண்டும். இரண்டாம் வகையில் 100 அடி, 300 மீட்டர். அதற்கும் கீழே போக வேண்டுமானால் டிரான்ஸ்மிட்டர் மட்டும் மேம்பட்டால் போதாது. நடுக்கோட்டு விளக்கு, மாற்று மின்சாரம், விமானத்தின் தகுதி, விமானியின் பயிற்சி எல்லாம் அந்த வகைக்கு வர வேண்டும்.

இவ்வளவு குறைகளையும் அடுக்கியபின், இதை வைத்திருப்பானேன் என்று கேட்கலாம். 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் டி கோல் நிலையத்தில் ஐ.எல்.எஸ். சேவையில் இல்லாத ஓடுபாதைக்கு ஒரு ஏ320 செயற்கைக்கோள் வழியில், உயரத்தைக் காற்றழுத்தத்தால் கணக்கிடும் அணுகுமுறையில் வந்தது. கட்டுப்பாட்டாளர் அழுத்தத்தை 1001க்குப் பதில் 1011 என்று சொல்லிவிட்டார். பத்து ஹெக்டோபாஸ்கல் என்றால் சுமார் 280 அடி. எல்லா முட்களும் நடுவில் நிற்க, விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையிலிருந்து 6 அடிக்கு வந்து, பிறகு ஏறியது. ஐ.எல்.எஸ்ஸின் பாதை தரையில் நடப்பட்ட வடிவியல். அழுத்தத்தைத் தப்பாகத் திருகினாலும், கடுங்குளிரில் ஆல்டிமீட்டர் (உயரமானி) ஏமாற்றினாலும் அது நகராது. ஜி.பி.எஸ். குறுக்கீடு பெருகிவரும் காலத்தில் அந்தக் கம்பங்களைப் பிடுங்க யாரும் அவசரப்படவில்லை. அது சரியான முடிவு.

காக்பிட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். விமானிகளுக்கு முன்கூட்டி வெளியிடும் அறிவிக்கையில் கிளைட் ஸ்லோப் சேவையில் இல்லை என்று இருந்தால் அந்த முள்ளை இல்லாததாகவே நினைக்க வேண்டும். 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாமில் கொரியன் ஏர் 801 வந்தபோது கிளைட் ஸ்லோப் இல்லை என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அது வேலை செய்கிறதா என்ற பேச்சு கடைசி நிமிடங்களில் காக்பிட்டில் ஓடியது. விமானம் ஓடுபாதைக்கு மூன்று மைல் முன்னால் மலையில் மோதி 228 பேர் இறந்தார்கள். அணைக்கப்பட்ட நிலையத்தின் அலைவெண்ணில் வேறு எங்கிருந்தோ சிந்தும் சமிக்ஞைகூட முள்ளை அசைக்கும். அடையாள ஒலியைக் கேட்க வேண்டும்; வரைபடத்தில் குறித்த தூரத்தில் உயரத்தைச் சத்தமாகச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்; அது நூறு, நூற்றைம்பது அடி தாண்டிப் பொருந்தாவிட்டால் காரணம் தேடிக்கொண்டு கீழே போகக்கூடாது, ஏறிவிட வேண்டும். நடுவில் ஆணியடித்ததுபோல் அசையாமல் நிற்கும் முள்ளையும் சந்தேகிக்க வேண்டும். நிஜமான கோட்டில் முள் கொஞ்சமாவது நெளியும்.

தரையில் உள்ள கொட்டகையில் வேலை முடிந்து கிளம்புமுன் செய்ய வேண்டியதும் அப்படித்தான். பைபாஸ் எடுக்கப்பட்டதா என்று சுவிட்சைப் பார்த்தால் போதாது. வேண்டுமென்றே ஒரு பிழையைக் கொடுத்து, முதல் டிரான்ஸ்மிட்டரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகிறதா, பிழை நீடித்தால் இரண்டாவதும் அணைகிறதா, அந்த அணைவு கோபுரத்தின் பலகையில் தெரிகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். கோட்டுக்கு ஒருமுறை, அகலத்துக்கு ஒருமுறை, லோக்கலைசரிலும் கிளைட் ஸ்லோப்பிலும். சோதனை ஒலிபரப்பு நடக்கும் நேரம் முழுக்க அடையாள ஒலி அணைந்திருக்க வேண்டும். இரண்டு டிரான்ஸ்மிட்டர்களின் அளவுகளையும் பதிவேட்டில் உள்ள பழைய அளவுகளோடு இன்னொருவர் படித்து ஒப்பிட்டபின்தான் அதைத் திரும்ப ஏற்றி, அறிவிக்கையை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். கோபுரத்துக்குப் போகும் கேபிள் பழுது என்றால், கொட்டகையில் ஆள் இருந்து கண்காணிக்காத வரை அந்த ஐ.எல்.எஸ்ஸைச் சேவையில் இல்லாததாகவே அறிவிக்க வேண்டும்.